யாரு பண்ணது?

அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசியது மூன்றே வார்த்தை.

“இத யாரு பண்ணது?”

ஒரகடம் பக்கம், கார்களுக்குள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து அனுப்பும் கம்பெனி அது. நான் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. லைனின் கடைசி மேசையில் சரக்கைச் சோதித்துப் பெட்டிக்கு அனுப்பும் வேலை அக்காவுக்கு. அவர் அந்த மேசையை விட்டு எழுந்து, கையில் ஒரு வயர் கட்டைப் பிடித்துக்கொண்டு, நேராக என்னை நோக்கி நடந்து வந்தார். ஒவ்வொரு கட்டிலும் அதைக் கட்டியவனின் எண் ஒட்டியிருக்கும். எண்ணைத் தேடி ஆள் வருகிறதென்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, எவனோ தொலைந்தான் என்று அர்த்தம்.

“நான் இல்லக்கா” என்றேன்.

“உன் நம்பர்தான கீது இதுல?”

“அது… ஆமாக்கா.”

“டேப்பு சுத்தனது நல்லா கீது. ஒரு சுருக்கம் இல்ல. அத்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். அதுக்கு இன்னாத்துக்குடா இப்டி வேர்க்குது ஒனக்கு?”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் மண்ணூரில் எங்கள் ரூமுக்கு வந்து செல்வத்திடம் சொன்னேன். அவன் அங்கே ஒரு வருஷம் சீனியர். “அந்த அக்கா அப்படித்தாம்ல. பழகிரும்” என்றான். பழக எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

அக்கா பென்னலூர்க்காரர். வீட்டில் நெல் போட்ட நிலத்தில் பாதி ஏதோ ஒரு கம்பெனியின் மதில் சுவருக்குள்ளே போயிருந்தது. டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர். குள்ளம். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். யூனிஃபார்ம் கோட்டு, அதற்குக் கீழே புடவை, புடவைக்குக் கீழே கம்பெனி கொடுத்த கனமான ஷூ. அந்த ஷூ சத்தம் கேட்டாலே நாங்கள் குனிந்து வேலையில் மும்முரமாகிவிடுவோம். பாராட்டத்தான் வருகிறார் என்று தெரிந்தும் குனிவோம்.

நல்லதாக எதைக் கண்டாலும், அதைச் செய்த ஆளைத் தேடிப் பிடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கூட வேலை பார்த்த பெண்ணுக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம். பந்தியில் வத்தக்குழம்பு ஊற்றினார்கள். அக்கா இரண்டாம் தடவை வாங்கினார். மூன்றாம் தடவை வாங்கினார். பிறகு எச்சில் கையோடு எழுந்து நேரே சமையல்கட்டுக்குள் போய்விட்டார். “கொழம்பு யாரு வெச்சது?” உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தவர் மெதுவாக நகர்ந்து அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவரை வெளியே வரவழைத்து, பேர் கேட்டு, ஊர் கேட்டு, இலைக்குத் திரும்பி வந்து எங்கள் எல்லோருக்கும் அந்தப் பேரைச் சொன்ன பிறகுதான் அக்கா மோர் வாங்கினார். பெண் வீட்டார் முன்னால் எங்களுக்கு மானம் போயிற்று.

“ஏன்க்கா இப்படிப் பண்றீங்க?” என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

“தப்பு பண்ணா மட்டும் பேர தேடிகினு வராங்க இல்ல? நல்லா பண்ணா யாரனா வராங்களா? ஒருத்தராவது வரணும்டா.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் குணத்தால் நல்லது மட்டுமே நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் ரூமில் மூன்று பேர். திருநெல்வேலிச் செல்வம், சங்கரன்கோவில் பக்கத்துச் சுடலை, நான். சுடலை நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் சொல்லுகிற ரகம். வயர்களை நீளமாக விரித்துக் கட்டும் பலகையில், வயர் நழுவிக் கீழே விழாமல் இருக்க வளைந்த கொக்கி ஒன்றை அவனே யோசித்து மாட்டினான். லைன் முழுக்க வேலை லேசாகிவிட்டது. அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் அந்தக் கொக்கியின் போட்டோ வந்தது, கீழே சூப்பர்வைசர் பெயரோடு. காலைக் கூட்டத்தில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்கள். அக்கா தட்டவில்லை.

“இத யாரு பண்ணது?” என்றார். சூப்பர்வைசரைப் பார்த்து, அந்தக் குரலில்.

அக்காவே பதிலும் சொன்னார். “சுடலை பண்ணது.”

கொஞ்ச நாளிலேயே அக்காவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு சுடலையின் கான்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அந்த வருஷம் நிறையப் பேருக்குப் புதுப்பிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சுடலை ஊருக்கு பஸ் ஏறிய அன்று, “என் வாயாலதான்டா அவன் பொழப்பு போச்சு” என்றார். இல்லக்கா என்றேன். உள்ளுக்குள் எனக்கும் நிச்சயமில்லை.

கம்பெனிக்கு வெளியே எங்களுக்கு இன்னொரு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடியில் கூடுவோம். கடிதமும் கணக்கும் அடிக்க உதவுகிற ஓர் இலவச மென்பொருளைத் தமிழில் பேசவைக்கும் வேலை. மெனுவில் வரும் சொற்கள், எச்சரிக்கைகள், கேள்விகள் என்று ஆயிரக்கணக்கான வரிகள். சம்பளம் கிடையாது, டீகூட அவரவர் காசு. தொடங்கியவர் பாஸ்கர் சார். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார், வாராவாரம் பஸ் பிடித்து வருவார். தங்கமான மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். தொடங்கியது அவர் என்றாலும் நடத்தியது அக்காதான்.

நாங்கள் செய்வதெல்லாம் வெளிநாட்டில் எங்கோ இருந்த ஒரு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். அங்கே சி.வி.எஸ். என்று ஓர் ஏற்பாடு. ஒருவர் ஒரு வரியை மாற்றினால் என்ன மாறியது, எந்த நேரத்தில், யார் மாற்றியது என்று அது குறித்துக்கொள்ளும். இதைப் பார்த்த முதல் நாள் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. “பாரேன், நாம கேக்கவே வேணாம்! யாரு பண்ணதுன்னு அதுவே சொல்லுது!” என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

சுடலை ஊருக்குப் போன சில மாதங்களில், அந்த வெளிநாட்டுக் கம்ப்யூட்டரில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தவர்கள் எழுதினார்கள். சி.வி.எஸ். பழசாகிவிட்டது, அதை நிறுத்தப்போகிறோம், சப்வெர்ஷன் என்கிற புதிய ஏற்பாட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. பாஸ்கர் சார் கையோடு திட்டம் கொண்டுவந்தார்.

“இப்ப கைல இருக்கற வரிகளை மட்டும் எடுத்துப் புதுசுல போட்டுடலாம். ஒரு மத்தியானத்துல முடிஞ்சுடும். முழு சரித்திரத்தையும் தூக்கிட்டுப் போகவும் வழி இருக்கு, ஆனா இழுக்கும். அதையெல்லாம் யார் பாக்கப்போறா?”

“யாரு பண்ணதுன்றது இன்னா ஆவும்?” என்று அக்கா கேட்டார்.

“அது போயிடும்.”

“அப்ப நா ஒத்துக்க மாட்டேன் சார்.”

ஏன் என்று காட்டுவதற்காகத் தனக்குப் பிடித்த ஒரு வரியைத் திரையில் எடுத்தார். எழுதியதைச் சேமிக்காமல் மூடப்போனால் மென்பொருள் கேட்கும் கேள்வி அது. நாங்கள் எல்லோரும் அதை எப்படி எப்படியோ எழுதிப் பார்த்தும், படித்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் அதை மாற்றியிருந்தார். ‘இதுவரை செய்த வேலை போய்விடும். பரவாயில்லையா?’

“இந்த மாதிரி கேக்க யாருக்கு வரும்? யாரு பண்ணதுன்னு இதுல கீது பாருங்க. செல்வம்.”

செல்வம் தலையைச் சொறிந்தான். “அது நான் இல்லக்கா. சுடலை.”

விஷயம் இதுதான். உள்ளே நுழைய ஒரு பெயர் வாங்குவது அப்போது பெரும் பாடாக இருந்தது. செல்வம் ஒருவன்தான் வாங்கியிருந்தான். ரூமில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. எங்களுக்கு ஒரே சோப்பு, ஒரே பக்கெட், அதேபோல ஒரே பெயர். மூவரும் செல்வமாகவே நுழைந்து வேலை செய்தோம். என்ன செய்தோம் என்று குறிப்பு எழுதச் சொல்லி அது கேட்கும் இடத்தில், பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கத்தில் மூன்று பேருமே ‘ஓ.கே.’ என்று அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம்.

“அப்ப சுடலை பேரு எங்கயுமே இல்லியா?”

“இல்லக்கா.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொக்கியிலும் அவன் பெயர் இல்லை, இதிலும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பாஸ்கர் சார் விளக்கினார். பழைய ஏற்பாட்டில் பெயரைத் திருத்துவது நடக்கிற காரியம் இல்லை. முழு சரித்திரத்தையும் புதியதற்குக் கொண்டுபோனால், போகிற வழியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சரியான பெயரைப் போட்டுவிடலாம். இப்போது விட்டால் அவ்வளவுதான். ஆனால் எந்த வரி யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“ஷிஃப்ட்டு சொல்லும்” என்றார் அக்கா.

மூன்று பேரும் மூன்று ஷிஃப்ட். ஒருவன் லைனில் நிற்கும்போது ஒருவன் தூங்குவான், ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பான். எந்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று நினைவுபடுத்திக்கொண்டால், மாற்றம் நடந்த நேரத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம். பொங்கல் முடிந்த வாரம் எனக்கு நைட் என்பதெல்லாம் மறக்கிற விஷயமா? பாஸ்கர் சார் அரை மனதோடு சம்மதித்தார். புதிய ஏற்பாட்டை நிறுவிப் பழகியிருந்தவன் செல்வம் ஒருவன்தான். மாற்றுகிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு உட்கார்ந்தோம். பாஸ்கர் சார் நேரத்தைப் படிப்பார், நாங்கள் ஆளைச் சொல்வோம். தொடங்கி ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, சிக்கல் வந்துவிட்டது. செல்வம் இது என்னுடையது, இது என்னுடையது என்று உறுதியாகச் சொன்ன வரிகளெல்லாம், அவன் காலை ஷிஃப்ட்டில் லைனில் நின்றிருக்க வேண்டிய நேரத்தில் மாற்றப்பட்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஏகப்பட்டது.

“லைன்ல நின்னுக்கிட்டு எப்படி செல்வம் டைப் பண்ண முடியும்?” என்றார் பாஸ்கர் சார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை. ஆனால் அது அப்படித்தான் விழுந்தது.

செல்வத்தின் முகம் கறுத்துவிட்டது. “நான் என்னத்துக்கு சார் பொய் சொல்லணும்? சுடலை வரிய சுடலை வரின்னு சொன்னதே நான்தான? வாய மூடிக்கிட்டு இருந்தா எல்லாம் என் பேர்லயே இருந்திருக்கும். நீங்களே பாத்துக்கிடுங்க. நான் வரல.”

படியிறங்கிப் போய்விட்டான். அவன் போனால் மாற்றும் வேலையும் போயிற்று. பாஸ்கர் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “நான் முதல்லயே சொன்னேன், இப்ப இருக்கறதை மட்டும் எடுத்துட்டுப் போயிடலாம்” என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். ஒன்றைச் சரிசெய்யப்போய் அக்கா மறுபடியும் ஒருவனை இழந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். கோபம்கூட வந்தது. இந்த ‘யாரு பண்ணது’ இல்லாமல் இவருக்கு ஒரு நாள் போகாதா?

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆயுத பூஜ அன்னிக்கு எடுங்க சார்” என்றார்.

எடுத்தார். அன்று செல்வம் பெயரில் நிறைய மாற்றங்கள். எல்லாம் காலையில்.

“மாரி, அன்னிக்குக் காலைல மெஷின் மேல வயர் தோரணம் கட்டியிருந்திச்சே, ஞாபகம் கீதா?” என்று என் பக்கம் திரும்பினார்.

எப்படி மறக்கும்? கழித்துப்போட்ட துண்டு வயர்கள், சிவப்பு, பச்சை, மஞ்சள். பூவும் மாவிலையும் போலப் பின்னி லைன் நெடுகத் தொங்கவிட்டிருந்தது. பூஜைக்கு வந்த பெரிய அதிகாரிகள்கூட நின்று பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அக்கா சும்மா இருப்பாரா?

“அத்த யாரு பண்ணதுன்னு கேட்டேன். செல்வம் வந்து நின்னான். என் கையால அவனுக்கு ரெண்டாவது ஸ்வீட்டு பாக்கெட் வாங்கிக் குடுத்தேன். அவன் அங்க எங்கூட நின்னுகினு இருந்த நேரத்துல ரூம்ல டைப் பண்ணான்னு இது சொல்லுது. மாரி, நீயும் சுடலையும் எங்க இருந்தீங்க?”

“அங்கதான்க்கா. நேர்ல வந்தாத்தான் ஸ்வீட்டும் தூக்குவாளியும் குடுப்பாங்கன்னு எல்லாருமே வந்திருந்தோம். மத்தியானம் ரூமுக்கு வந்துதான் மூணு பேரும் பொரிய கொறிச்சுக்கிட்டே டைப் பண்ணோம்.”

“அப்ப பசங்க பொய் சொல்லல சார். கடியாரந்தான் சொல்லுது.”

பாஸ்கர் சார் குனிந்து திரையில் இருந்த நேரத்தை மறுபடி படித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார், உண்மையாகவே, சத்தம் கேட்கும்படி. “ஐயோ! இது லண்டன் நேரம்! நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி. தினம் ஆபீஸ்ல இதைப் பாக்கறேன், எனக்குத் தோணவே இல்லையே!” கூட்டிப் பார்த்தோம். செல்வத்தின் காலை வரிகளெல்லாம் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்த சாயங்காலத்துக்குப் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன.

அக்காவும் நானும் பாஸ்கர் சாரும் பஸ் ஏறி மண்ணூருக்குப் போனோம். செல்வம் வாசலில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை.

“செல்வம், தப்பு என்னோடது. நேரத்தைச் சரியாப் படிக்கல. மன்னிச்சுக்கப்பா” என்றார் பாஸ்கர் சார்.

அவன் சட்டையைப் பிழிந்தான். உதறினான். “தோரணத்த வச்சா கண்டுபிடிச்சீங்க?” என்று அக்காவைக் கேட்டான்.

“ஆமாடா.”

“அதக்கூட நீங்க ஒருத்தர்தான்க்கா யாரு பண்ணதுன்னு கேட்டீங்க” என்றவன், ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டான்.

அதன்பிறகு வேலை சரசரவென்று நடந்தது. மீதியிருந்தது சுடலையிடம் ஒப்புதல் வாங்குவது. அவன் ஊரில் ஒரு மளிகைக் கடை போன் நம்பர் என்னிடம் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி. பூத்தில் நின்று நான் கூப்பிட்டு, அவனை வரவழைத்து, நலம் விசாரித்து, அக்காவிடம் கொடுத்தேன். அவன் பேசுவது எனக்கும் கேட்கும்படி அக்கா ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“சுடலை, அந்த ‘பரவாயில்லையா’ன்ற வரி யாரு பண்ணது?”

“நான் இல்லக்கா” என்றான் சுடலை.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. குரலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “பயப்படாதடா. இந்த வாட்டி பேர் போட்டா வேல போவாது. இது சம்பளமே இல்லாத வேல.”

அவன் சிரிப்பது கேட்டது. அப்புறம் தயங்கித் தயங்கி, “நல்லாருந்துச்சாக்கா?” என்றான்.

“அத்த படிச்சுட்டு ரெண்டு வாட்டி மூடி மூடித் தொறந்தேன்டா, அது கேக்கறத பாக்கறதுக்கு.”

“அப்ப நான்தான்க்கா” என்றான். “முழுப் பேரையும் போடுவீங்களா? சுடலைமுத்து. கம்பெனியில பாதிதான் போட்டிருந்தாக.”

ஒரு ஞாயிறு மதியம் செல்வம் எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்றினான். திரையில் வரிவரியாக ஓடியது. செல்வம், சுடலைமுத்து, சுடலைமுத்து, மாரி, செல்வம், சுடலைமுத்து. என் பெயரைத் திரையில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. யாரும் கவனிக்காதபோது பின்னால் போய் மறுபடி பார்த்தேன்.

புதிய ஏற்பாட்டில் புதிதாக வந்த முதல் மாற்றம் மாடியில் இருந்த யாருடையதும் இல்லை. அடுத்த ஞாயிறு வந்து திறந்தபோது அது அங்கே காத்துக்கொண்டிருந்தது. சுடலைக்கென்று செல்வம் வாங்கி அனுப்பிய தனிப் பெயரில், சங்கரன்கோவிலில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்திருக்கிறான். குறிப்பு எழுதும் இடத்தில் ‘ஓ.கே.’ இல்லை. ‘ஒரு பிழை இருந்தது. திருத்தியது சுடலைமுத்து’ என்று இருந்தது.

“பேரை அதுவே போடுமே, இவன் வேற எழுதியிருக்கானே” என்று பாஸ்கர் சார் சிரித்தார்.

“எழுதட்டும் சார்” என்றார் அக்கா. பிறகு, கண்ணெதிரே பெயர் இரண்டு தரம் இருக்க, அந்தக் குரலில், கீழே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி, “இத யாரு பண்ணது?” என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, பெயரைப் போடலாமா என்று கேட்கப் போன மாதம் அக்காவைக் கூப்பிட்டேன். இப்போது பென்னலூரிலேயே இருக்கிறார். குரல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. முழுவதையும் போனில் படித்துக் காட்டச் சொன்னார். வத்தக்குழம்பு வந்த இடத்தில், அதை வைத்தவர் பெயரை நான் விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொண்டார்.

“உங்க பேரப் போடவாக்கா?”

“என் பேர் இன்னாத்துக்கு? நானா எழுதனேன்?” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “நல்லா கீதுடா” என்றார். இன்னும் கொஞ்சம் நிறுத்தினார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“இத யாரு பண்ணது?”

“நான்தான்க்கா” என்றேன்.